கேப்டனின் இரண்டு வீச்சுகள்

ஷால்வே ஊரின் கூடைப்பந்து அணியில் கடிகாரத்தைப் பார்த்துப் பயிற்சி முடிவதில்லை. கேப்டன் கோட்டில் நின்று, யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு போட வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து உள்ளே விழுந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒன்று தப்பினாலும் அணி முழுக்க அரங்கத்தின் மறுமுனைக்கு ஓடித் திரும்ப வேண்டும். கேப்டன் மட்டும் ஓடக் கூடாது. அவன் கோட்டிலேயே நின்று, மற்றவர்கள் மூச்சிரைக்க வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவுரிமாஸ் கேப்டனாகி ஒன்பது வருடமாகிறது. அவன் காலத்தில் அணி ஓடியது குறைவு. அவன் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போகும்போதே ப்ரோனியுஸ் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிடுவான். இரண்டேகால் மீட்டர் உயரமுள்ள ப்ரோனியுஸுக்குக் குனிவதற்கே நேரம் பிடிக்கும். அவன் ஒரு ஷூவைக் கழற்றுவதற்குள் இரண்டு பந்தும் வலையில் இறங்கியிருக்கும்.

அந்தப் பருவத்தில் ஷால்வே ஐரோப்பாவின் இரண்டாம் கோப்பைக்குத் தேர்வாகியிருந்தது. முதல் கோப்பை பெரிய நகரங்களுடையது. இது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு. இரண்டு விமானம் மாறி, பிறகு பஸ்ஸில் மலையேறி, பேர் வாயில் நுழையாத ஊரில் ஆடிவிட்டு, மறுநாள் அதே வழியில் திரும்ப வேண்டும். டெலிவிஷனில் காட்டினால் உண்டு. ஆனால் ஷால்வேக்கு அது போதும். சர்க்கரை ஆலை மூடிய பிறகு அந்த ஊரில் குளிர்காலத்தில் விளக்கெரியும் பெரிய கட்டடம் அரங்கம் ஒன்றுதான். ஆட்டத்தன்று மாலை, பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டியின் வாசனை ஆற்றுப் பாலம் வரை வரும்.

"எட்டுக்குள்ள போயிடுவோமா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ரொட்டி விற்கும் பெண் கேட்டாள், பஸ் ஓட்டுகிறவர் கேட்டார், பாதிரியார்கூடக் கேட்டார். கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக ஷால்வே இதுவரை வந்ததில்லை.

அவுரிமாஸுக்கு முப்பத்தைந்து வயது. அடுத்த பருவத்தில் தன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவனுடைய இடத்துக்கு தெய்மாந்தாஸ் இருந்தான். இருபத்தைந்து வயது, நல்ல கால்கள், நான்கு வருடமாகப் பெஞ்சில் இருக்கிறான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவுரிமாஸுக்கு வேண்டியது ஒன்றுதான். எட்டுக்குள் போகும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்து தன் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு இடத்தை அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

நவம்பரில் அவன் வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன.

முதலில் குளிர் என்று நினைத்தான். கையுறை போட்டான், தேய்த்தான், வெந்நீரில் வைத்தான். ஒரு வாரத்தில் சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் மாட்ட முடிந்தது. பந்தின் தையல் வரி விரல் நுனியில் படவில்லை. இருபது வருடமாக அந்த வரியைத் தடவித்தான் அவன் பந்தைத் திருப்பி வைத்துக்கொள்வான். இப்போது கையில் பந்து இருக்கிறது என்பது எடையை வைத்து மட்டுமே தெரிந்தது.

கோப்பையின் குழுச் சுற்று ஆட்டங்களின் நடுவே ஒரு நாள், வெற்றிக்குப் பிறகு, அணியே நீராவி அறையில் உட்கார்ந்திருந்தது. மரப்படிகளில் மேலும் கீழுமாக வெற்று உடம்புகள். ப்ரோனியுஸ் அந்த ஊர் வழக்கப்படி ஓக் இலைக் கட்டால் தன் முதுகை அடித்துக்கொண்டிருந்தான். சூடான கற்கள் குவித்த அடுப்பைச் சுற்றி ஓர் இரும்புக் கம்பி ஓடியது. அவுரிமாஸ் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அரைத் தூக்கத்தில், வலது கையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"கேப்டன், ஏதோ கருகுற வாசனை வருது" என்றான் தெய்மாந்தாஸ்.

"ப்ரோனியுஸ் முதுகுதான்" என்றான் ஒருவன்.

"என் முதுகு கருகினா ஊருக்கே பார்பிக்யூடா. இது சின்னக் கருகல்."

அவுரிமாஸ் கீழே பார்த்தான். அவனுடைய இரண்டு விரல்கள் கம்பியின் மேல் இருந்தன. கையை எடுத்தபோது கொஞ்சம் தோல் அங்கேயே தங்கிவிட்டது. அவன் மெதுவாக, மற்றவர்கள் பார்க்கும்படி, "ஆ" என்றான்.

"பெரிசுக்குத் தோலு காண்டாமிருகத்தோட தோலு" என்று ப்ரோனியுஸ் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். தெய்மாந்தாஸும் சிரித்தான்.

மறுநாள் யூர்கா அவன் விரல்களில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். அணிக்கு வந்து இரண்டு வருடமான பிசியோ அவள். அதிகம் பேச மாட்டாள். கொப்புளத்தைச் சுத்தம் செய்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஓர் ஊசியை எடுத்தாள்.

"கண்ணை மூடுங்க. எங்க குத்துறேன்னு சொல்லுங்க."

அவன் கண்ணை மூடினான். கட்டைவிரல் என்றான். சுண்டுவிரல் என்றான். பிறகு நீண்ட நேரம் காத்திருந்தான்.

"குத்தேன்" என்றான்.

"நாலு தடவை குத்திட்டேன்."

அவன் கண்ணைத் திறந்தான். அவள் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது விரல்ல இல்ல, கழுத்துல. எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது. ஸ்கேன் எடுத்தா டாக்டர் அன்னிக்கே ஆட்டத்தை நிறுத்திடுவாரு."

"நிறுத்தலைன்னா?"

"யாராவது உங்களை முதுகுல மோதித் தள்ளினா, இப்ப ரெண்டு விரல் போனது அப்ப கை முழுக்கப் போகலாம். காலும் போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"யூர்கா. எட்டுக்குள்ள போற வரைக்கும். அப்புறம் நானே கோச்சுகிட்ட சொல்றேன்."

"நான் இன்னிக்கே சொல்லணும். அதுதான் என் வேலை."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கறீங்க?"

அவள் புதுக் கட்டுப் போட்டாள், வழக்கத்தைவிட நேரமெடுத்து. கடைசியில், "யாருகிட்டயும் தீக்காயம்னே சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு அவள் ஆட்டங்களின்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டு இருந்தவரை எளிதாக இருந்தது. பயிற்சி முடியும்போது, "கேப்டனுக்குக் கை வெந்திருக்கு, வேற யாராவது போடுங்க" என்று கோச் வால்டெமாராஸே சொன்னார். கட்டுப் பிரித்த பிறகும் அவுரிமாஸ் பந்தை வாங்கவில்லை. "இன்னிக்கு ப்ரோனியுஸ் போடட்டும்" என்பான். "தெய்மாந்தாஸ், நீ வா. நாளைக்கு நீதானே நிக்கணும்." அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ப்ரோனியுஸ் போட்ட நாட்களில் அணி எட்டு முறை, பத்து முறை ஓடியது. திட்டிக்கொண்டே ஓடினார்கள். தெய்மாந்தாஸ் போட்ட நாட்களில் ஓடவில்லை.

ஆட்டத்திலும் அவன் கூடையை நோக்கி எறிவதை நிறுத்திவிட்டான். உள்ளே புகுந்தால் இடது கையால் போட்டான். மற்றபடி பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்தான். உள்ளங்கையால் தள்ளிக் கொடுப்பதற்கு விரல் நுனி தேவையில்லை. அந்தக் கோப்பையிலேயே அதிகமாகப் பந்து கொடுத்து உதவியவர்கள் பட்டியலில் அவன் பெயர் மூன்றாவதாக வந்தது. "முப்பத்தஞ்சு வயசுல இவனுக்கு ஆட்டம் புரிஞ்சிருக்கு" என்றார் வால்டெமாராஸ். "முன்னயெல்லாம் பந்தைப் பாத்தா நாய் எலும்பைப் பாத்த மாதிரி. இப்பப் பாரு, துறவி மாதிரி தானம் பண்றான்."

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஷால்வே குழுவில் இரண்டாவதாக வந்தது. எட்டுக்குள் போக இன்னும் ஒரே ஓர் அணியைத் தாண்ட வேண்டும். குரோஷியக் கடற்கரையின் மோர்யான். அவர்களோடு இங்கே ஓர் ஆட்டம், அங்கே ஓர் ஆட்டம். இரண்டிலும் போட்ட புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

முதல் ஆட்டம் ஷால்வேயில். வெளியே பனி முழங்கால் வரை கிடந்தது. உள்ளே மேல்கோட்டைக் கழற்றக்கூட இடமில்லாமல் ஜனம். தெய்மாந்தாஸ் பெஞ்சிலிருந்து வந்து பதினைந்து புள்ளி போட்டான். கடைசி நிமிடத்துக்கு வால்டெமாராஸ் அவனை வெளியே எடுத்துவிட்டு அவுரிமாஸை அனுப்பினார். ஷால்வே பதினொரு புள்ளி முன்னால் இருந்தது.

கடைசியாகப் பந்து அவுரிமாஸிடம் வந்தது. பத்து நொடிக்கு மேல் இருந்தது. அவனைத் தடுக்க வேண்டிய மோர்யான்காரன் மறுபக்கம் சறுக்கி விழுந்து, அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தான். எதிரே ஒருவரும் இல்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே அவன் தனியாக நின்றான். பதினைந்து வயதிலிருந்து அவன் தவறவிடாத இடம்.

"போடு!" என்று பெஞ்சிலிருந்து கத்தினார்கள்.

அவன் பந்தைத் தூக்கினான். தையல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் இரண்டு மரத்துண்டுகள் இருந்தன. இவ்வளவு பேர் பார்க்க, தடுக்க ஆளில்லாத இடத்திலிருந்து எறிந்து, பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாளைக் காலை ஸ்கேன். அடுத்த ஆட்டத்துக்கு அவன் விமானம் ஏற மாட்டான்.

அவன் பந்தை இறக்கினான். இடது கையால் தட்டிக்கொண்டே, எழுந்து நின்ற மோர்யான்காரனிடம் நடந்து போய்க் கையை நீட்டினான். மணி ஒலித்தது.

உள்ளூர் லீக்கில் அப்படித்தான் செய்வார்கள். ஆட்டம் தீர்ந்துவிட்டால் கடைசிப் பந்தை எறிய மாட்டார்கள். தோற்றவன் மேல் இன்னொரு கூடை போடுவது கேவலம். மோர்யான்காரன் அவனைக் கட்டிப்பிடித்தான். அரங்கம் எழுந்து கைதட்டியது.

உடை மாற்றும் அறையில் வால்டெமாராஸ் கதவைச் சாத்தினார்.

"இது நம்ம ஊரு லீக்காடா? பக்கத்து ஊருக்காரன்கூட விளையாடிட்டு சேர்ந்து பீர் குடிக்கப் போறியா? அங்க போனா ஒவ்வொரு புள்ளிக்கும் ரத்தம் கக்கணும். கையில இருந்த ரெண்டு புள்ளியைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்க."

"விழுந்து கிடந்தான் கோச்."

"நீ என்ன ஆம்புலன்ஸா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ப்ரோனியுஸ் சிரித்தான், பிறகு எல்லோரும். வால்டெமாராஸ் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். "அது அவன் குணம். என்ன பண்றது" என்று வராந்தாவில் நிருபரிடம் அவர் சொல்வது உள்ளே கேட்டது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பந்தை இடுப்பில் அணைத்தபடி அவுரிமாஸ், எதிராளியிடம் நீட்டிய கை. கீழே "பண்பு" என்று பெரிய எழுத்தில். ரொட்டிக் கடைக்காரி அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். படத்தில் இருந்தது வலது கை. கொப்புளத்தின் தழும்பு அதில் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் மோர்யானுக்குப் போனார்கள். அங்கே பனி இல்லை. கடல் காற்றும் மழையும். பழைய அரங்கம், தாழ்ந்த கூரை, முதல் வரிசைக்காரன் கையை நீட்டினால் கோட்டில் நிற்பவன் தோளைத் தொடலாம். ஷால்வேக்காரன் ஒவ்வொருவனுடைய பெயரையும் ஒலிபெருக்கி சொன்னபோது ஊளையிட்டார்கள். தெய்மாந்தாஸுக்கு ஊளை, ப்ரோனியுஸுக்குப் பெரிய ஊளை. அவுரிமாஸ் பெயர் வந்ததும் ஊளை நின்றது. ஒருவர் எழுந்தார், பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். கைதட்டினார்கள். முதல் ஆட்டத்தில் விழுந்தவன் வந்து அவன் முதுகைத் தட்டினான்.

"பெரிசு, உனக்கு இங்கயே வீடு குடுத்துடுவாங்க போல" என்றான் ப்ரோனியுஸ்.

அவுரிமாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. மோர்யான்காரர்களுக்கு அவனைத் தெரிந்துவிட்டது. இவன் எறிய மாட்டான் என்று கண்டுகொண்டு அவனை விட்டுவிட்டு மற்றவர்களை இரண்டிரண்டு பேராக மறித்தார்கள். பாதி ஆட்டத்தில் ஷால்வே பதினேழு புள்ளி பின்னால் இருந்தது. வால்டெமாராஸ் அவனை உட்கார வைத்து தெய்மாந்தாஸை அனுப்பினார்.

தெய்மாந்தாஸ் ஆடியதைப் பெஞ்சிலிருந்து பார்ப்பது அவுரிமாஸுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் அவசரப்படவில்லை. எறிய வேண்டிய இடத்தில் எறிந்தான், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தான். பதினேழு பதினான்காயிற்று, பதினான்கு பத்தாயிற்று. பத்துப் புள்ளியில் தோற்றாலும் ஷால்வே எட்டுக்குள். மறுபடி பன்னிரண்டு. அரங்கத்தின் சத்தத்தில் பெஞ்சுப் பலகை நடுங்கியது.

கடைசி நிமிடத்துக்குச் சற்று முன்பு வால்டெமாராஸ் டைம்-அவுட் கேட்டார். வியர்வையில் தெய்மாந்தாஸின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நல்லா ஆடினடா. உக்காரு" என்றார் அவர். "அவுரிமாஸ், போ."

தெய்மாந்தாஸ் ஒரு நொடி அவரையே பார்த்தான். "கோச், எனக்கு மூச்சு இருக்கு."

"மூச்சு இல்லேன்னு யார் சொன்னா? இந்த நேரத்துக்கு அவன்தான். ஒன்பது வருஷமா அவன்தான்."

தெய்மாந்தாஸ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவுரிமாஸ் எழுந்தான். யூர்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் ஏதோ சொன்னாள், சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் நின்றிருக்க மாட்டான்.

அவன் ஆசைப்பட்டது இதுதான். கடைசி நிமிடம், பந்து அவன் கையில்.

நான்கு நொடி இருந்தபோது அவன் இடது பக்கமாக உள்ளே புகுந்தான். பின்னாலிருந்து யாரோ முதுகில் மோதினார்கள். அவன் முகம் குப்புற விழுந்தான். கழுத்திலிருந்து வலது கை வழியாக நெருப்பு ஒன்று இறங்கி ஓடி, மணிக்கட்டில் நின்றுபோனது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. விசில் அடித்தது. கால்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன.

ஷால்வே பன்னிரண்டு பின்னால். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் இரண்டு ஆட்டக் கூட்டலும் சமமாகி ஆட்டம் நீளும். இரண்டும் விழுந்தால் எட்டுக்குள்.

நடுவர் குனிந்தார். "அடி பலமா? முடியலைன்னா வேற ஆளு வந்து போடலாம். விதி இருக்கு."

அவுரிமாஸ் முழங்காலில் நின்றான். பெஞ்சைப் பார்த்தான். வால்டெமாராஸ் கையை விரித்துக் கேட்டார், என்ன என்று. தெய்மாந்தாஸ் எழுந்து நின்றிருந்தான். துண்டு தோளில் இல்லை. அவன் ஏற்கெனவே கையை இடுப்பில் துடைத்துக்கொண்டிருந்தான். யூர்கா கோட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள்.

முடியாது என்று தலையை ஆட்டினால் போதும். அது பொய்கூட இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றான் அவுரிமாஸ்.

அவன் கோட்டுக்கு நடந்தான். நடுவர் கொடுத்த பந்தைக் கண்ணால் பார்த்துத் திருப்பி, தையலைக் குறுக்கே வைத்து, அதன் மேல் விரல்களை இடது கையால் எடுத்து வைத்தான். அரங்கத்தில் சத்தம் குறைந்தது. அவனுக்காகத்தான் குறைத்தார்கள். வேறொருவனாக இருந்தால் கூரையே பிளந்திருக்கும்.

முதல் பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது.

அவன் பெஞ்சைப் பார்க்கவில்லை. இரண்டாவதை வேகமாக எறிந்தான். அது வளையத்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. ப்ரோனியுஸின் விரல் நுனியைத் தட்டிவிட்டு உருண்டது. மணி ஒலித்தது.

மோர்யான் ஜனம் மைதானத்துக்குள் இறங்கியது. அவர்களில் சிலர் ஓடும்போதே நின்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

திரும்பும் வழியில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. ஊரிலும் சொல்லவில்லை. அவன் கடைக்குப் போனான், ரொட்டிக்காரி காகிதத்தில் இரண்டு துண்டு அதிகமாகச் சுற்றிக்கொடுத்தாள். "அன்னிக்கு அந்தக் கூடையைப் போட்டிருந்தா இன்னிக்கு நாம எட்டுல" என்றாள். "ஆனா நீ அப்படிப்பட்டவன் இல்லையே. எங்க பையனுக்கும் அதைத்தான் சொன்னேன்." பாலத்தில் ஒரு கிழவர் நிறுத்திக் கையைக் குலுக்கினார். வலது கையை. அவர் எவ்வளவு அழுத்தினார் என்று அவுரிமாஸுக்குத் தெரியவில்லை. படம் கடைக் கண்ணாடியிலேயே இருந்தது. அவன் எதிர்ப்பக்கமாக நடக்கப் பழகினான்.

யூர்கா இரண்டு முறை கேட்டாள். "சொல்றேன்னீங்களே."

"சொல்றேன்."

உள்ளூர் லீக் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை பயிற்சி நடந்தது. முடியும் நேரத்தில் அவுரிமாஸ் வழக்கம்போல, "தெய்மாந்தாஸ்" என்று ஆரம்பித்தான்.

"இல்ல" என்றார் வால்டெமாராஸ். "இன்னிக்கு நீதான். குளிர்காலம் பூரா அடுத்தவனுக்கே குடுத்துட்ட. அந்த ரெண்டும் உன் மண்டையிலேருந்து இறங்கணும். போடு, வீட்டுக்குப் போவோம்."

ப்ரோனியுஸ் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

முதல் பந்து பலகையில் பட்டது. ஓடினார்கள். அடுத்தது வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. ஓடினார்கள். "பெரிசு, பழிவாங்கறியா?" என்று ப்ரோனியுஸ் அவிழ்த்த கயிற்றோடு ஓடினான். ஒரு தடவை முதல் பந்து உள்ளே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது தப்பியது. ஓடினார்கள். அதன் பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை. மூச்சும் ஷூக்கள் தரையில் கீச்சிடுவதும் மட்டும் கேட்டது. அவுரிமாஸ் கோட்டிலேயே நின்று அவர்கள் போவதையும் வருவதையும் பார்த்தான். யூர்கா சுவரோரம் நின்றாள்.

மற்றவர்களோடு ஓடிவிட்டு வந்து, கூடைக்குக் கீழே நின்று பந்தை எடுத்துக் கொடுத்தவன் தெய்மாந்தாஸ். ஒவ்வொரு முறையும் பந்து வந்ததும் கேப்டன் குனிந்து அதைப் பார்ப்பதையும், இடது கையால் விரலை எடுத்து வைப்பதையும் அவன் பார்த்தான். இந்தத் தடவை பந்தை எறியவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தான்.

"கையைக் காட்டுங்க கேப்டன்."

"விடு. குடு பந்தை."

தெய்மாந்தாஸ் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினான். இரண்டு விரலிலும் தழும்பு பளபளத்தது. அவன் தன் கட்டைவிரல் நகத்தை அதில் வைத்து அழுத்தினான். நகம் வெளுக்கும்வரை அழுத்தினான். அவுரிமாஸ் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், கையைப் பார்க்கவில்லை.

"நீராவி அறையில கருகிச்சே. அன்னியிலேருந்தா?"

"அதுக்கு முன்னாடியிலேருந்து."

ஓடிவிட்டு வந்தவர்கள் முழங்காலில் கை ஊன்றி நின்றார்கள். வால்டெமாராஸ் நெருங்கி வந்தார்.

"அன்னிக்கு இங்க, கடைசிப் பந்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே" என்றான் தெய்மாந்தாஸ். நான்கு வருடத்தில் அவன் கேப்டனிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "விழுந்து கிடந்தான்னு சொன்னியே."

"எறிய முடியல."

"அங்க? நடுவர் கேட்டாரு. நான் எழுந்து நின்னேன். நீ என்னைப் பாத்த."

அவுரிமாஸ் நிமிர்ந்து கூடையைப் பார்த்தான்.

"பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

தெய்மாந்தாஸ் சுவர்ப்பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா யூர்கா?"

அவள் தரையைப் பார்த்தாள். வால்டெமாராஸ் அவளையும் அவுரிமாஸையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

தெய்மாந்தாஸ் கேப்டனின் கையை விட்டான். தூக்கிப் போடவில்லை, மெதுவாகத்தான் விட்டான். பந்தைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போனான். அந்த இரண்டு வீச்சும் விழாமல் அந்த அரங்கத்தை விட்டு யாரும் அதுவரை போனதில்லை. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இன்னொருவன் போனான். பிறகு இருவர். ப்ரோனியுஸ் கடைசியாகப் போனான், கயிறு தரையில் இழுபட. கதவருகே நின்றான். ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியேறினான்.

வால்டெமாராஸும் போய்விட்டார்.

யூர்கா சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக் கம்பிக் கூண்டில் போட்டாள். கோட்டின் மேல் இருந்ததை மட்டும் எடுக்கவில்லை.

"வாங்க" என்றாள். "டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பாரு."

"இன்னும் முடியல" என்றான் அவுரிமாஸ்.

அவன் குனிந்து பந்தை எடுத்தான். தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினான்.